கிண்ணமாகிப்போன காடு: பிச்சாவரம் அலையாத்தி மீட்பில் மண்மட்டமும் நீரின் தரமும்

பிச்சாவரத்தில் படகேறுகிறவர்கள் பார்ப்பது ஓடைக்கரைக் காட்டை: வளைந்து இறங்கும் சுரபுன்னை வேர்கள், நிழல், சேற்றில் நண்டு. 1990களின் தொடக்கத்தில் அந்தப் பசுந்திரையை விலக்கிக்கொண்டு உள்ளே கொஞ்சம் நடந்திருந்தால் வேறொரு நிலம் தெரிந்திருக்கும். பாளம் பாளமாக வெடித்த களி, மேலே வெள்ளை உப்புப் பொருக்கு, ஓரத்தில் சிவந்து நிற்கும் உமிரி என்ற உப்புநிலச் செடி. நடுவில் ஒன்றுமே இல்லை.

கரையில் மரம் செழித்திருக்க உள்ளே ஏன் மொட்டை? மாடு மேய்கிறது, விறகுக்கு வெட்டுகிறார்கள் என்ற பழி நெடுநாள் ஊர்க்காரர் தலையில் கிடந்தது. இரண்டும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மாடும் அரிவாளும் ஓரத்திலிருந்துதான் உள்ளே போகும். இங்கே ஓரம் தப்பிப் பிழைத்து நடு அழிந்திருந்தது. அந்தக் குற்றச்சாட்டு நிலத்தின் வடிவத்தோடு பொருந்தவில்லை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் கிராம மக்களோடு சேர்ந்து 1990களில் செய்த மீட்பு, மீன்முள் வாய்க்கால் முறை என்று பெயர் பெற்று முத்துப்பேட்டைக்கும் ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களுக்கும் போனது. அந்த முறையை இங்கே நிலவியல் பக்கமிருந்து பார்க்கிறோம். செடி, நாற்று, நிதி எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒரு சாண் உயர வித்தியாசம். அதைச் சரியாக அளந்தால் மற்றவை தாமாக வரிசைக்கு வரும். அளக்காவிட்டால் எத்தனை லட்சம் நாற்று நட்டாலும் போச்சு.

இடம்

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாறும் தெற்கில் கொள்ளிடமும் கடலில் சேரும் இடைவெளியில் இருக்கிறது இந்தக் காடு. கடலுக்கும் காட்டுக்கும் நடுவே நீள மணல்திட்டு. கடல்நீர் உள்ளே வரும் முக்கிய வழி சின்னவாய்க்கால் முகத்துவாரம். நன்னீர் மேற்கிலிருந்து கான்சாகிப் வாய்க்கால் போன்ற பாசன வடிகால்கள் வழியாக வருகிறது. மழை ஆண்டுக்குச் சுமார் 1,300 மி.மீ.; பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் வெயில்தான். 2022இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

கவனிக்க வேண்டியது ஓதத்தின், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதன், அளவு. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஆனால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அட்டமியை ஒட்டிய நாட்களில் இன்னும் குறைவு. சுந்தரவனம் போலப் பல மீட்டர் ஏறி இறங்கும் இடத்தில் தரை ஒரு சாண் தாழ்ந்தால் யாருக்கும் தெரியாது. பிச்சாவரத்தில் ஒரு சாண் தாழ்வு காட்டையே மாற்றிவிடும்.

நிலம் ஏன் தாழ்ந்தது

ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை, காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஒரு கூறை மொத்தமாக வெட்டி எடுத்து, சில ஆண்டுகள் கழித்து அடுத்ததற்குப் போகும் முறை நடப்பில் இருந்தது. மலைக்காட்டில் மரம் வெட்டினால் மண் அரித்துக்கொண்டு போகும். கழிமுகச் சேற்றில் நடப்பது வேறு. இந்தக் களியின் பருமனில் பாதிக்கு மேல் தண்ணீரும், வேரும், மக்கிய தழையும்தான். உயிருள்ள வேர்தான் அதைப் பஞ்சு போலத் தூக்கிப் பிடித்திருக்கிறது. மரம் போனதும் நிழல் போகிறது. வெயில் மண்ணுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சுகிறது. செத்த வேர் மக்கிக் குழிகிறது. களித்துகள்கள் நெருங்கி உட்கார்ந்துவிடுகின்றன. உட்கார்ந்த களியை எத்தனை முறை நனைத்தாலும் பழைய உயரத்துக்கு எழும்பாது. அதோடு, ஓதநீர் கொண்டுவரும் வண்டலைத் தடுத்துப் பிடிக்கத் தண்டும், சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேரும் இல்லாததால் புது மண்ணும் சேரவில்லை. ஓடைக்கரையில் மட்டும் வண்டல் தொடர்ந்து படிந்து கரை உயர்ந்தே இருந்தது. விளைவு, விளிம்பு உயர்ந்து நடு தாழ்ந்த கிண்ணம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றம் விளிம்பைத் தாண்டிக் கிண்ணத்துக்குள் கொட்டும். வற்றத்தில் வெளியேற வழியில்லை. மரக்காணத்தில் பாத்தி கட்டி உப்பு விளைவிக்க வேண்டுமென்றே செய்வதை இங்கே நிலம் தானாகச் செய்துகொண்டது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேகம் புரியும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. கிண்ணத்தில் 10 செ.மீ. ஆழம் தேங்கியது என்று வைத்துக்கொள்வோம். கோடையில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் பத்தாம் நாள் 5 செ.மீ. மிஞ்சும், உப்பு லிட்டருக்கு 70 கிராம். பதினைந்தாம் நாள் 2.5 செ.மீ., 140 கிராம். அதற்குள் அடுத்த பெரிய ஏற்றம் வந்து இன்னொரு முறை உப்பை ஊற்றிவிட்டுப் போகும். ஒரு ஹெக்டேரில் 10 செ.மீ. தண்ணீர் என்றால் ஆயிரம் கன மீட்டர். அதில் 35 டன் உப்பு. இது ஒரே ஒரு நிரப்பலின் கணக்கு.

மழை கழுவிவிடாதா என்ற கேள்வி எப்போதும் வரும். 1,300 மி.மீ. மழை ஒரு ஹெக்டேருக்கு 13,000 கன மீட்டர் நன்னீர். உப்பைக் கரைக்க அது தாராளம். கரைந்த உப்பு போவதற்கு வாசல் வேண்டாமா? விளிம்புக்கு மேல் வழிவது போக மீதி அங்கேயே கிடந்து, தை மாதம் முதல் மறுபடி சுண்டத் தொடங்கும். வெண்கண்டல் உப்பை இலை வழியாக வெளியே தள்ளும் மரம், கடல்நீரையும் தாண்டிய உப்பில் பிழைக்கக்கூடியது. கன்றாக இருக்கும்போது அதனாலும் இந்த அளவைத் தாங்க முடியாது.

மட்டம் பார்ப்பது

வேலையில் பாதி இதுதான். முதலில் ஓடையில், படகு மோதாத இடத்தில், சென்டிமீட்டர் குறித்த ஓத ஊன்றுகோல் ஒன்றை ஆழமாக அறைய வேண்டும். குறைந்தது ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை, முடிந்தால் ஒரு முழு மாதம், பகல் முழுக்க மணிக்கொரு முறை வாசிக்க வேண்டும். ஒரு நாள் அளந்துவிட்டு வாய்க்கால் ஆழத்தை முடிவுசெய்த வேலைகள் அட்டமி வந்ததும் வறண்டு கிடக்கும்.

பிறகு தரை. 20 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவியும் ஸ்டாஃப் என்ற அளவுக்கோலும் கொண்டு உயரம் எடுப்பது வழக்கம். நடுப்பள்ளத்தில் 10 மீட்டராகக் குறுக்க வேண்டும். சமஉயரக் கோடுகள் 10 செ.மீ. இடைவெளியில் இருந்தால்தான் கிண்ணம் கண்ணுக்குத் தெரியும். செயற்கைக்கோள் உயரப்படங்கள் இதற்கு உதவாது. அவற்றின் பிழையே நாம் தேடும் வித்தியாசத்தைவிடப் பெரியது.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஸ்டாஃபின் அடி. சேற்றில் வைத்தவுடன் அது இறங்கத் தொடங்கும். பிடித்திருப்பவர் உணர்வதற்குள் மூன்று நான்கு சென்டிமீட்டர் போய்விடும். ஓர் அடிச் சதுரப் பலகைத் துண்டின் நடுவே ஆணி அறைந்து, ஆணித்தலை மேல் ஸ்டாஃபை நிறுத்தி, பலகையின் கனத்தைக் கணக்கில் கழித்துவிட வேண்டும். கருவியின் முக்காலிக்கும் இதே பலகை வேண்டும். பார்ப்பவர் காலை மாற்றி வைத்தாலே குமிழி நகரும் தரை இது. உயரங்களை ஒப்பிட உதவும் மட்டப்புள்ளியைக் காட்டுக்குள் மரத்தில் ஆணியடித்து வைக்காதீர்கள். வெளியே படித்துறை, மதகு போன்ற அசையாத கட்டுமானத்தில் ஒன்று, உள்ளே ஆழ அறைந்த இரும்புக் குழாயில் ஒன்று என இரண்டு வேண்டும். தினமும் வேலை முடிந்ததும் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து பார்த்து, பிழை 2 செ.மீ.க்கு மேல் போனால் அன்றைய வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கருவி இல்லாத இடத்தில் கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் போதும். தெளிவான டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, இரண்டு முனையையும் அளவுக்கோலில் கட்டினால் 20 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் துல்லியம் கிடைக்கும். வெயிலில் டியூபின் ஒரு பாதி காய்ந்து மறுபாதி நிழலில் கிடந்தால் மட்டம் பொய் சொல்லும். காலையில் செய்து முடித்துவிடுங்கள்.

வாய்க்கால்

ஓடையிலிருந்து கிண்ணத்தின் ஆழமான நடுவுக்கு ஒரு தலைவாய்க்கால். அதன் இருபுறமும் மீன்முள் போலச் சாய்ந்து பிரியும் கிளைகள். செங்கோணத்தில் வெட்டினால் சந்திப்பில் நீர் முட்டித் தயங்கி வண்டலைப் போட்டுவிடும். அதனால் சுமார் 45 பாகையில், வற்றும் நீர் ஓடை நோக்கி வழுக்கிப் போகிற திசையில் சாய்க்கிறார்கள்.

குறுக்குவெட்டு மேலே அகன்று கீழே குறுகியது. மேலே 3 மீ., அடியில் 1 மீ., ஆழம் 1 மீ. என்று எடுத்தால் குறுக்குப் பரப்பு 2 சதுர மீட்டர். கிளைக்கு மேலே 1.5 மீ., அடியில் அரை மீட்டர், ஆழம் 60 செ.மீ. போதுமானதாக இருக்கும். இவற்றை வேதவாக்காக எடுக்காமல் அந்தந்த இடத்து ஓத அளவுக்கேற்ப மாற்ற வேண்டும். பக்கச் சரிவைச் செங்குத்தாக விட்டால் ஒரே மழையில் சரிந்து அடைத்துக்கொள்ளும்.

மாற்றக்கூடாதது அடிமட்டம். தலைவாய்க்காலின் அடி, நடுவிலிருந்து ஓடை நோக்கி இறங்க வேண்டும். 100 மீட்டருக்கு 10 செ.மீ. இருந்தால் சரி. வாயில் அந்த அடி, ஓடையின் சாதாரண வற்று நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு வற்றத்திலும் வாய்க்கால் முழுதாகக் காலியாகும். அதைவிடத் தாழத் தோண்டினால் அடியில் நீர் நிரந்தரமாகத் தேங்கி, தழை அழுகி, ஆக்சிஜன் இல்லாமல் கறுத்துவிடும். “இன்னும் ஆழமாத் தோண்டுங்க, தண்ணி நல்லா வரும்” என்ற யோசனை எல்லாத் தளத்திலும் எழும். வரவைவிட வடிவதே முக்கியம் என்பதால் அதை மறுக்க வேண்டியிருக்கிறது.

கிளைகளின் இடைவெளியைக் களியின் கசிவுவேகம் தீர்மானிக்கிறது. இறுகிய கழிமுகக் களியில் நீர் ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே அதிகம். ஆகவே மண்ணுக்குள் ஊறி வடியும் என்று நம்பி 50 மீட்டருக்கு ஒரு கிளை போட்டால் நடுவில் உப்பு அப்படியே இருக்கும். 10 முதல் 20 மீட்டர் வரை வைத்து, மேற்பரப்பு நீராவது முழுதாக வழிந்தோடச் செய்ய வேண்டும். மீதியை நண்டு பார்த்துக்கொள்ளும். நண்டு வளைகள் களியைத் துளைத்துக் கசிவைக் கூட்டுகின்றன. வாய்க்கால் வெட்டிய இடத்தில் நண்டு திரும்பி வளை போடத் தொடங்குவது மண் இளகுகிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

வெட்டிப்போட்ட மண்

திட்ட அறிக்கைகளில் ஒரு வரியில் முடியும் விஷயம், தளத்தில் பாதித் தொல்லை இதனால். மேலே சொன்ன தலைவாய்க்காலில் 100 மீட்டருக்கு 200 கன மீட்டர் மண் வெளியே வருகிறது. இருபுறமும் 5 மீட்டர் அகலத்துக்குப் பரப்பினால்கூட 20 செ.மீ. கனம். ஒரு சாண் தாழ்வைச் சரிசெய்ய வந்துவிட்டு ஒரு சாண் மேட்டை எழுப்பியதாகும். அதையே கரையாகக் குவித்தால் இன்னும் மோசம். பக்கத்து நிலத்து நீர் வாய்க்காலில் இறங்க வழியின்றி, ஒரு கிண்ணம் இரண்டு கிண்ணமாகும். மண்ணை மெல்லப் பரப்பி, ஐந்து பத்து மீட்டருக்கு ஒரு திறப்பு விட வேண்டும். நடுப்பள்ளத்தை நிரப்ப அதையே சுமந்து போட முடிந்தால் இரட்டைப் பலன், ஆட்கூலி கூடும்.

அடுத்தது அமிலம். கடல்நீரின் சல்பேட்டும் களியின் இரும்பும், காற்றில்லாத சேற்றில் பைரைட் என்ற இரும்புச் சல்பைடாகச் சேர்ந்து கிடக்கின்றன. புதைந்திருக்கும் வரை தீங்கில்லை. வெட்டி வெளியே போட்டால் காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாகும்: ஒரு கிலோ பைரைட் முழுவதும் ஆக்சிஜனேற்றமடைந்தால் சுமார் 1.6 கிலோ அமிலம். சில வாரத்தில் மண்மேட்டில் மஞ்சள் பூச்சும், அதிலிருந்து வடியும் நீரில் துருநிறமும் தெரிந்தால் அதுதான். முதல் மழையில் அந்த அமிலம் வாய்க்காலில் இறங்கினால் மீனும் இறாலும் மிதக்கும். களியிலிருந்து அலுமினியமும் கரைந்து வரும்.

தோண்டும் முன்பே சோதிக்கலாம். ஒவ்வொரு 25 செ.மீ. ஆழத்திலும் ஒரு தேக்கரண்டி மண். ஒரு பங்கை நீரில் கலக்கி பி.எச். பார்க்க வேண்டும். இன்னொரு பங்கில் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, பொங்கி அடங்கிய பின் பி.எச். பார்க்க வேண்டும். 3க்குக் கீழே இறங்கினால் அந்த அடுக்கை வெளியே காயவிடக் கூடாது. ஈரமாகவே பள்ளத்தின் அடியில் போட்டு மேலே வேறு மண் மூட வேண்டும். பெராக்சைடே கடையிலிருந்து வரும்போது அமிலத்தன்மையோடு வரும், காரம் சேர்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடவே கூடாது. மண்ணில் சிப்பி ஓடு நிறைய இருந்தால் சுண்ணாம்பு அமிலத்தை மறைத்துவிடும். மண்ணை எடுக்கும்போதே ஓட்டைப் பொறுக்கிவிடுங்கள்.

ஆட்களிடம் முதல் நாளே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சிதம்பரத்துத் தலமரமான தில்லை இந்தக் காட்டிலும் நிற்கிறது. வெட்டினால் பால் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. கிள்ளைப் பக்கத்து இருளர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியூர் ஆட்களுக்கு வேண்டும்.

நடவு

மழைக்கு முன் வாய்க்கால் வேலை முடிந்திருக்க வேண்டும். முதல் மழையின் நன்னீர் உப்பைக் கழுவிக்கொண்டு போகட்டும். மழைக்காலத்தில் விழும் வெண்கண்டல் விதையைப் பொறுக்கி, ஒரு நாள் நீரில் ஊறவைத்துத் தோல் கழன்றதும், வாய்க்கால் சரிவின் நடுமட்டத்தில் மீட்டருக்கு ஒன்றாக ஊன்றலாம். சரிவின் அடியில் நட்டால் நீரில் மூழ்கிச் சாகும், உச்சியில் நட்டால் காயும். சுரபுன்னைக் காயை மூன்றில் ஒரு பங்கு சேற்றில் போகும்படி நிமிர்த்தி, ஓடையை ஒட்டி மட்டும் வைக்க வேண்டும். உப்பு இறங்கிய இடத்தில் விதை தானாக மிதந்து வந்தும் முளைக்கும். அப்படி முளைப்பதை முதலில் எண்ணிவிட்டு நடவின் எண்ணிக்கையை முடிவுசெய்தால் பணம் மிச்சம்.

நீரை அளப்பது

வேர் குடிப்பது மண்ணுக்குள் இருக்கும் நீரை. வாய்க்கால் நீரில் 35 கிராம் காட்டும் அதே நாளில், இரண்டு மீட்டர் தள்ளி 30 செ.மீ. ஆழத்தில் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கலாம். ஆகவே அடியில் துளையிட்ட, மேலே மூடியிட்ட பி.வி.சி. குழாய்களைக் கிண்ணத்தின் நடுவிலும், சரிவிலும், கரையிலும் ஊன்றி, தேங்கிய நீரை ஒரு முறை இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறிய நீரை எடுக்க வேண்டும். குழாயைச் சுற்றிக் களியால் அடைக்காவிட்டால் ஓதநீர் பக்கவாட்டில் இறங்கி, உப்பு குறைந்துவிட்டதாக ஏமாற்றும். வாசிக்க, ஒளி வளைவதைக் கொண்டு உப்பைக் காட்டும் 0–100 அளவுள்ள ரிஃப்ராக்டோமீட்டர் போதும். மின்கடத்துத்திறன் மீட்டரை அப்படியே முக்கி உப்பாக மாற்றும் வாய்ப்பாடு, உப்பு 42 கிராமுக்கு மேல் போனால் செல்லாது. காய்ச்சி வடித்த நீரில் பத்து மடங்கு நீர்த்துப் பார்க்க வேண்டும்.

கரைந்த ஆக்சிஜனை விடியுமுன் அளக்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. பகலில் பாசி உற்பத்தி செய்துவிடும், இரவு முழுக்க எல்லாம் சுவாசித்துத் தீர்த்த பின் மிஞ்சுவதுதான் மீனுக்குக் கிடைப்பது. 30 பாகை வெப்பத்தில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6 மி.கி.க்கு மேல் ஆக்சிஜனைப் பிடித்துவைக்காது. நன்னீர் ஏரியின் அளவுகோலை இங்கே வைத்துக் குறை சொல்லக் கூடாது. பி.ஓ.டி. பாட்டிலில் (ஆக்சிஜன் சோதனைக்கான குப்பி) அங்கேயே மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டால் பழுப்பு வீழ்படிவு வரும். வெள்ளையாகவே நின்றால் ஆக்சிஜன் இல்லை. அழுகிய முட்டை நாற்றமுள்ள நீரில் சல்பைடு அயோடினைத் தின்றுவிடுவதால், உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும்.

அலையாத்திக் காடு நீரைச் சுத்திகரிக்கும் என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. இறால் பண்ணைகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் வரும் நைட்ரேட்டைச் சேற்று நுண்ணுயிர்கள் நைட்ரஜன் வாயுவாக மாற்றுவது உண்மை. பாஸ்பேட் கதை வேறு. அது இரும்புத் துருவில் ஒட்டிக்கொள்ளும்; சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரைய, பாஸ்பேட்டும் சேர்ந்து வெளியே வரும். அதனால் ஒரே ஒரு நீர்மாதிரியை எடுத்துக்கொண்டு சுத்தமாகிவிட்டது, ஆகவில்லை என்று சொல்வது வீண். ஒரு முழு ஓதச் சுற்று 12 மணி 25 நிமிடம். வாய்க்கால் வாயில் மணிக்கொன்றாக 13 மாதிரிகள், ஒவ்வொன்றோடும் நீரோட்ட வேகம். செறிவை ஓட்ட அளவோடு பெருக்கி, உள்ளே போனதிலிருந்து வெளியே வந்ததைக் கழித்தால்தான் காடு என்ன செய்தது என்று தெரியும்.

எங்கே செல்லாது, எது குலைக்கும்

புதுச்சேரித் தேங்காய்த்திட்டில் அலையாத்திக்குத் தொல்லை ஊர்ச் சாக்கடை. அங்கே மீன்முள் வெட்டினால் சாக்கடைக்கு இன்னும் நல்ல பாதை போட்டுக்கொடுத்ததாகும். கடலூர் உப்பனாற்றங்கரையில் தொழிற்பேட்டையை ஒட்டிய சேற்றைத் தொடும் முன் உலோகங்களுக்குச் சோதிக்க வேண்டும். சேற்றில் சல்பைடாகக் கட்டுண்டு கிடக்கும் உலோகத்தைக் காற்றுக்குக் கொண்டுவருவது, கிடப்பதைவிடக் கேடு.

பிச்சாவரத்திலேயே வாய்க்கால் நிரந்தரமில்லை. வண்டல் முதலில் வாயை அடைக்கும், பிறகு கிளைச் சந்திப்புகளை. கோடையில் ஒரு முறை அடிமட்டத்தை அளந்து, 15 செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் தூர்வார வேண்டும். மீனுக்காக வாயில் வலையும் மண்ணும் வைத்து அடைப்பதும் நடக்கும். ஏற்றத்தில் மீன் பிடிக்கட்டும், வற்றத்தில் திறந்திருக்கட்டும் என்று முதலிலேயே பேசிவைத்தால் தகராறு இல்லை. மரம் வளர்ந்த பின் மூச்சுவேரே வாய்க்காலுக்குள் எழும்பும். அந்தக் கட்டத்தில் தூர்வாருவது வேரை வெட்டுவதாகும். தரை வடிகிறதா என்று பார்த்துவிட்டு, வடிந்தால் விட்டுவிடலாம்.

நம் மண்வெட்டிக்கு எட்டாதது சின்னவாய்க்கால் முகத்துவாரம். கரைநீரோட்டம் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து அதைச் சுருக்கும்போது உள்ளே ஓதத்தின் ஏற்ற இறக்கமும் சுருங்கும். வற்று மட்டம் உயர்ந்து, சரியாக வெட்டிய வாய்க்காலும் காலியாகாமல் நிற்கும். முதல் நாள் ஓடையில் அறைந்த ஊன்றுகோலை வேலை முடிந்தது என்று பிடுங்கிவிட்டால் இது தெரியவே தெரியாது. மாதத்தில் இரண்டு நாள், அமாவாசைக்கு மறுநாளும் அட்டமி அன்றும், ஏற்றமும் வற்றமும் குறித்துவந்தால் போதும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் வாய்க்காலைத் தூர்வாரிப் பயனில்லை, முகத்துவாரத்தைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.